ஸ்லாங் வேறு, கொச்சை வேறு

ஒரு கூட்டத்தார் தமக்குள் புழங்கும் சொற்களைக் குறிக்கும் ஸ்லாங் என்ற ஆங்கிலச் சொல் கோலாலம்பூரில் படாத பாடு படுகிறது. ‘வெள்ளைக்காரன் மாதிரி ஸ்லாங் அடிக்கிறான்’ என்பார்கள். அங்கே பேச்சு உச்சரிப்பைப் பற்றியது. மலாய்ப் பேச்சிலும் இதே பிழை இருப்பதால் யாரும் திருத்துவதில்லை. அதைக்கூட விட்டுவிடலாம். டியூஷன் குறிப்புகளிலும் மொழிபெயர்ப்புகளிலும் ‘ஸ்லாங் = கொச்சை’ என்று அச்சடித்துக் கொடுப்பதைத்தான் விட முடியவில்லை.

சொல்லின் வரலாறு சிறியது. 18-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆங்கில எழுத்தில் தலைகாட்டுகிறது. திருடர் போன்ற கூட்டத்தாரின் பேச்சைக் குறித்தது. மூலம் எதுவென்று ஆய்வாளர்களிடையே முடிவாகவில்லை. இதனோடு சேர்த்துச் சொல்லப்படும் ‘இடியம்’, ‘தனக்கே உரிய’ என்று பொருள்படும் ‘இடியோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லின் வழி வந்தது. அதற்கு மரபுத்தொடர் என்ற நல்ல சொல் நம் தமிழ்ப்பள்ளி மொழியணிப் பாடத்திலேயே இருக்கிறது. மலாயில் சிம்புலான் பஹாசா. அதில் சிக்கலில்லை.

கொச்சை என்பது சொல்லின் உருவம் சிதைவது. ‘இருக்கிறது’ ‘இருக்கு’ ஆவதும், ‘வாழைப்பழம்’ ‘வாளப்பளம்’ ஆவதும் கொச்சை. ஆங்கிலத்தில் இதற்கு இணை ‘கானா’, ‘வானா’: ‘கோயிங் டு’, ‘வான்ட் டு’ என்பவை வாய்க்குள் தேய்ந்த வடிவங்கள். பொருள் மாறவில்லை, உருவம்தான் தேய்ந்தது. ‘குவிட்’ அப்படியா? பிரிட்டனில் ஒரு பவுண்டுக்கு அந்தப் பெயர். எழுத்தும் ஒலியும் முழுமையாக இருக்கின்றன. அதற்கென்று தனி இலக்கணம்கூட உண்டு: பத்துப் பவுண்டு என்றாலும் ‘டென் குவிட்’தான், ‘குவிட்ஸ்’ ஆகாது. இவ்வளவு ஒழுங்காக நிற்கும் சொல்லைக் கொச்சை என்றால் கொச்சை என்ற சொல்லுக்கே பொருள் போய்விடும். கேடு அதோடு நிற்பதில்லை. கொச்சை என்றதும் மாணவர் அதை அசிங்கமான பேச்சு என்று எடுத்துக்கொள்கிறார், கற்பதையே தவிர்க்கிறார். பிறகு ஒரு பிரிட்டிஷ் நாடகத்தைக் கேட்டால் பாதி விளங்காமல் தவிக்கிறார். இன்னொரு பக்கம், ‘கானா’வையும் ஸ்லாங் பட்டியலில் சேர்த்து மனப்பாடம் செய்கிறார்.

‘வட்டார வழக்கு’ என்று எழுதுவோரும் உண்டு. அதுவும் பொருந்தாது. வட்டார வழக்கு ஓர் ஊருக்கோ நாட்டுக்கோ பொது. நம் மலேசிய ஆங்கிலத்தில் ‘அவுட்ஸ்டேஷன்’ என்றால் வெளியூர்ப் பயணம். வங்கி மேலாளரும் சொல்வார், லாரி ஓட்டுநரும் சொல்வார். வண்டியைப் பின்னால் எடுக்கப் பினாங்கில் சீனரும் மலாய்க்காரரும் தமிழரும் ஒரே குரலில் ‘கோஸ்தான்’ என்கிறார்கள். கப்பலைப் பின்னோக்கிச் செலுத்தச் சொல்லும் ‘கோ அஸ்டர்ன்’ கரையேறி அப்படி ஆயிற்று. இவை ஊர்ச் சொற்கள். ஸ்லாங் பிறப்பது ஊரில் இல்லை, கூட்டத்தில்: ஒரே வயதினர், ஒரே தொழிலினர், ஒரே சிறையில் கிடப்பவர்.

கூட்டத்தின் சொல்லுக்குத் தமிழில் எப்போதோ இடம் ஒதுக்கியாகிவிட்டது. பவணந்தியார் நன்னூலில் வழக்கை ஆறாக வகுத்து, தகுதி வழக்கில் குழூஉக்குறியை வைத்தார். பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பதும், யானைப்பாகர் ஆடையைக் ‘காரை’ என்பதும், வேடர் கள்ளைச் ‘சொல்விளம்பி’ என்பதும் அதற்குக் காட்டப்படும் எடுத்துக்காட்டுகள். இதன் பக்கத்தில் லண்டன் கிழக்குப் பகுதி மக்களின் ‘யூஸ் யுவர் லோஃப்’ என்பதை வைத்துப் பாருங்கள். ‘ஹெட்’ என்பதற்கு எதுகையாக ‘லோஃப் ஆஃப் பிரெட்’ என்றார்கள். பிறகு எதுகைக்குரிய ‘பிரெட்’டையே வெட்டிவிட்டு ‘லோஃப்’ மட்டும் வைத்துக்கொண்டார்கள். வெளியாள் ரொட்டியைத் தேடுவான். உள்ளாள் ‘மூளையைப் பயன்படுத்து’ என்று புரிந்துகொள்வான். குழூஉக்குறி வேலை செய்யும் விதமும் இதுவே.

‘குழூஉக்குறி மறைவுக் குறியல்லவா, ஸ்லாங் எல்லாருக்கும் தெரிகிறதே’ என்று மறுப்பார்கள். நியாயமான மறுப்பு. மறைவு கலைந்து பரவிய பிறகு குறி என்பது பொருந்தாதுதான். ஆகவே தொழிலாளர் மறைச்சொல்லுக்குக் குழூஉக்குறி, ஸ்லாங்குக்குக் குழூஉ வழக்கு என்று பிரித்துக்கொள்ளலாம். புதிதாக எதையும் வார்க்க வேண்டியதில்லை.

கற்பவருக்கு இந்தப் பிரிவினை கைமேல் பயன் தரும். குழூஉ வழக்கு பெரும்பாலும் ஒற்றைச் சொல். ஒரு பொதுச் சொல்லை அதன் இடத்தில் வைத்தால் வாக்கியம் கெடாது, தொனி மட்டும் மாறும். மரபுத்தொடரைத் தொட்டால் உடையும். ‘கிக் த பக்கெட்’ என்றால் சாவது. ‘பக்கெட்’டுக்குப் பதில் ‘பெய்ல்’ போட்டாலும், செயப்பாட்டு வினையாக்கினாலும் நிஜ வாளியை உதைத்ததாகிவிடும். ‘ஸ்பில் த பீன்ஸ்’ சற்று நெகிழும், செயப்பாட்டு வினையிலும் இரகசியம் வெளிப்பட்டது என்றே பொருள் நிற்கும். ஆனால் ஒற்றை ‘பீன்’ ஆகாது. அகராதியில் பொருளோடு நிறுத்தாமல் அருகிலுள்ள குறிப்பையும் பார்க்க வேண்டும்: ஸ்லாங், இன்ஃபார்மல், ஓல்ட் ஃபேஷன்ட் என்று போட்டிருப்பார்கள். தேர்வுக் கட்டுரையில் எதை எழுதக் கூடாது என்பதை அந்தக் குறிப்புதான் சொல்லும்.

மொழிபெயர்ப்பாளர்கள் பார்க்கத் தவறுவதும் அதையே. ‘கிக் த பக்கெட்’டை ‘இயற்கை எய்தினார்’ என்று பெயர்க்கிறார்கள். பொருள் சரி, மரியாதை தவறு. மூலத்தில் இறந்தவனை மதித்துப் பேசவில்லை. ‘மண்டையைப் போட்டான்’ என்று நம்மிடம் அதே அலட்சியத்தோடு ஒரு மரபுத்தொடர் இருக்கிறது. அதை எழுதக் கூச்சப்பட்டு இரங்கல் செய்தியாக்கிவிடுகிறார்கள்.