தொடக்க ஏற்றி: பூட் லோடர் என்னும் சொல்லும் இணைவட்டுகளில் அதன் இடமும்

கணினிக்கு மின்சாரம் கிடைத்த நொடிக்கும் இயங்குதளத்தின் மைய நிரலான கெர்னல் பொறுப்பேற்கும் நொடிக்கும் இடையே பணியாற்றும் சிறு நிரலைப் பூட் லோடர் என்கிறோம். லினக்ஸில் இன்று பெரும்பாலும் அந்த வேலையைச் செய்வது கிரப். 1990களில் லிலோ செய்தது. ஒரே தரவை இரண்டு வட்டுகளில் எழுதிவைக்கும் ரெய்டு 1 அமைப்பைக் கட்டியவர்கள், ஒரு வட்டு பழுதானதும் மற்றதிலிருந்து கணினி எழும்பாததைக் கண்டு திகைப்பதுண்டு. அதற்கான விடை பெருமளவு இச்சொல்லின் பிறப்பிலேயே இருக்கிறது.

பூட் என்பது பூட்ஸ்ட்ராப் என்பதன் சுருக்கம். உயரமான காலணியை இழுத்து மாட்டுவதற்காக அதன் மேல்விளிம்பில் தைத்திருக்கும் வாரே பூட்ஸ்ட்ராப். அந்த வாரைப் பிடித்துத் தன்னைத் தானே மேலே தூக்குவது என்னும் தொடர், 19ஆம் நூற்றாண்டு அமெரிக்க ஆங்கிலத்தில் நடக்கவே நடக்காத செயலைக் குறித்தது. பிறர் உதவியின்றி முன்னேறுதல் என்ற பொருள் பின்னால் வந்து சேர்ந்தது. கணிப்பொறியாளர்கள் அதை எடுத்தாண்டதில் நியாயம் உண்டு. நினைவகத்தில் நிரல் இருந்தால்தான் கணினியால் எதையும் படிக்க முடியும். எதையாவது படித்தால்தான் நினைவகத்தில் நிரல் வந்து சேரும். 1952இல் அறிவிக்கப்பட்ட ஐபிஎம் 701இல் இந்தச் சிக்கலைத் தீர்க்க ஒரு பொத்தானே இருந்தது. அதை அழுத்தினால், துளையட்டையிலிருந்தோ காந்த நாடாவிலிருந்தோ காந்த உருளையிலிருந்தோ 36 பிட் அளவுள்ள முதல் தரவை மட்டும் கணினி படித்து, அதன் இடப்பாதியைக் கட்டளையாக இயக்கும்; அக்கட்டளை இன்னும் சிலவற்றை வரவழைக்கும்; அவை மேலும் பலவற்றை வரவழைக்கும். ஒவ்வொரு படியிலும், அதற்கு முன் ஏறியது மட்டுமே கணினியின் கையிருப்பு. இதுவே அச்சொல்லின் உட்பொருள்.

தமிழில் லோடர் என்பதற்கு ஏற்றி என்ற சொல் சரியாகப் பொருந்துகிறது. வண்டியில் சரக்கு ஏற்றுவதைப் போலவே நினைவகத்தில் நிரலை ஏற்றுகிறோம். பூட் என்பதற்குத் துவக்கம், தொடக்கம் இரண்டும் வழங்குகின்றன. நான் தொடக்கத்தையே தேர்ந்தெடுப்பேன். தொடங்கு என்பதே பழைய இலக்கியங்களில் ஊன்றிய வடிவம். மேலும் ஈழத் தமிழில் துவக்கு என்றால் துப்பாக்கி. எனவே பூட் லோடரைத் தொடக்க ஏற்றி என்றும், தன்னைத் தானே ஏற்றிக்கொள்ளும் அந்த முறையைத் தன்னேற்றம் என்றும் வழங்கலாம். பேச்சில் பூட் ஆகவில்லை என்று சொல்வதில் தவறில்லை. எழுத்தில் விளக்கும்போது பொருள் தெரியும் சொல் உதவுகிறது. மிரர் செய்த வட்டுகளைக் கண்ணாடி வட்டுகள் என்பது மட்டும் வேண்டாம். வன்வட்டுகள் பலவற்றின் உள்ளிருக்கும் தட்டுகள் உண்மையிலேயே கண்ணாடியால் செய்யப்பட்டவை என்பதால் குழப்பமே மிஞ்சும். இணைவட்டுகள் என்பது போதும்.

பழைய பயாஸ் முறையில், ஃபர்ம்வேர், அதாவது தாய்ப்பலகையிலேயே பதிந்திருக்கும் நிரல், ஒரு வட்டின் முதல் செக்டரான 512 பைட்டை மட்டும் படித்து இயக்குகிறது. அதில் 446 பைட் வரை நிரல், 64 பைட் பார்ட்டிஷன் அட்டவணை (வட்டு எப்படிப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது என்ற பட்டியல்), கடைசி 2 பைட் அடையாளம். 446 பைட்டுக்குள் ரெய்டு, கோப்பு முறைமை என்று எதையும் புரியவைக்க இயலாது. ஆகவே கிரப்பின் அந்த முதல் துண்டு, கோர் இமேஜ் என்னும் அடுத்த துண்டு வட்டில் எங்கே இருக்கிறது என்பதை மட்டும் அறிந்திருக்கும். கோர் இமேஜ், பழைய வகை அட்டவணையில் முதல் பார்ட்டிஷனுக்கு முன்னுள்ள வெற்றிடத்திலும், புதிய ஜிபிடி வகை அட்டவணையில் பயாஸ் பூட் பார்ட்டிஷன் என்னும் தனிப் பார்ட்டிஷனிலும் உட்கார்ந்திருக்கும். பின்னதற்கு 1 மெபிபைட் போதும். லினக்ஸின் மென்பொருள் ரெய்டில் இணைக்கப்படுபவையோ பொதுவாகப் பார்ட்டிஷன்கள். முழு வட்டுகள் அல்ல. ஆகவே முதல் செக்டரும் கோர் இமேஜும் இணைப்புக்கு வெளியே நிற்கின்றன. அவற்றை நகலெடுப்பவர் யாரும் இல்லை. நகலெடுக்க வேண்டிய கெர்னலே இன்னும் ஏறவில்லை. வட்டு முழுவதையும் தானே இணைக்கும் ரெய்டு அட்டைகளில் இச்சிக்கல் எழாது.

பழுது எந்தப் படியில் என்பதைத் திரையே காட்டிவிடும். பூட் செய்ய வட்டு எதுவும் இல்லை என்று ஃபர்ம்வேர் சொன்னால், எஞ்சிய வட்டில் தொடக்க ஏற்றியே எழுதப்படவில்லை. கட்டளைக்காகக் காத்திருக்கும் கிரப் ரெஸ்க்யூ என்ற தூண்டி கறுப்புத் திரையில் நின்றால், கோர் இமேஜ் ஏறிவிட்டது. ஆனால் தன் மற்ற உறுப்புகள் (மாட்யூல்கள்) இருக்கும் கோப்புறையைக் காணாமல் தவிக்கிறது. ரெய்டைப் படிக்கும் எம்டிரெய்டு1எக்ஸ் உறுப்பு அதற்குள் சேர்க்கப்படாமலோ, இணைத்த வட்டுகளின் தொகுதியான அணியின் அடையாள எண் மாறியோ இருக்கலாம். கிரப்பின் பட்டியல் தோன்றி, கெர்னலும் ஏறி, அதற்குப் பின் நின்றால் கிரப்பைக் குறை சொல்ல இடமில்லை. கெர்னலோடு ஏறும் தற்காலிகக் கோப்பு முறைமையான இனிட்ராம்எஃப்எஸ் அணியைக் கூட்டாததே பெரும்பாலும் காரணம்.

முதல் இரண்டுக்கும் தீர்வு ஒன்றே. மீட்பு யுஎஸ்பியிலிருந்து கணினியைத் தொடங்கி, லினக்ஸின் ரெய்டு கருவியான எம்டிஏடிஎம் கொண்டு அணியைக் கூட்டி, மூலக் கோப்பு முறைமையை மவுன்ட் செய்து, டெவ், ப்ராக், சிஸ் கோப்புறைகள் மூன்றையும் அதனுள் இணைத்து, சிரூட் கட்டளை வழியாக அந்த அமைப்பின் உள்ளே சென்று, கிரப்-இன்ஸ்டால் கட்டளையை எஸ்டிஏ, எஸ்டிபி என இரு வட்டுகளுக்கும் தனித்தனியே கொடுக்க வேண்டும். வட்டின் பெயருக்குப் பதில் பார்ட்டிஷனின் பெயரைக் கொடுப்பது பலரும் செய்யும் பிழை. டெபியனிலும் உபுண்டுவிலும் இத்துடன் விடக்கூடாது. கிரப்-பிசி தொகுப்பை மறுஅமைப்புச் செய்து இரு வட்டுகளையும் குறித்துவைத்தால்தான், பின்வரும் மேம்படுத்தல்கள் இரண்டிலும் எழுதும். 2020 ஜூலையில் பூட்ஹோல் என்னும் பாதுகாப்புக் குறைக்கான திருத்தம் வந்தபோது, கோர் இமேஜ் பழையதாகவும் உறுப்புகள் புதியனவாகவும் அமைந்த கணினிகள் கிரப்_காலாக் (grub_calloc) என்னும் குறியீடு காணப்படவில்லை என்ற செய்தியோடு நின்றுபோயின.

பயாஸுக்குப் பின் வந்த யுஇஎஃப்ஐ முறையில் முதல் செக்டருக்குப் பதில், ஃபேட் வடிவிலுள்ள இஎஃப்ஐ பார்ட்டிஷனை ஃபர்ம்வேர் படிக்கிறது. அதற்கு லினக்ஸ் ரெய்டு தெரியாது. ரெய்டின் குறிப்புத் தகவலைப் பார்ட்டிஷனின் கடைசியில் எழுதும் 1.0 வடிவைப் பயன்படுத்தினால் ஃபர்ம்வேரின் கண்ணுக்கு அது வெறும் ஃபேட்டாகத் தெரியும். ஆனால் ஃபர்ம்வேர் அதில் ஏதேனும் எழுதினால் இரண்டு நகல்களும் சத்தமின்றி வேறுபட்டுவிடும். இரு வட்டுகளிலும் தனித்தனி இஎஃப்ஐ பார்ட்டிஷன் வைத்து, ஒன்றின் உள்ளடக்கத்தை மற்றதில் நகலெடுத்து, இஎஃப்ஐபூட்எம்ஜிஆர் கட்டளை வழியாக ஃபர்ம்வேரின் தொடக்கப் பட்டியலில் இரண்டாவதையும் பதிந்துவைப்பதே நல்லது என்பது என் கருத்து.

பழுதான வட்டை மாற்றியபின் ரெய்டின் நிலையைக் காட்டும் எம்டிஸ்டாட் கோப்பில் ஒரு யூவும் (U) அடிக்கோடும் இருந்த இடத்தில் இரண்டு யூக்கள் தோன்றும். அது தரவு ஒத்திசைந்தது என்பதற்கு மட்டுமே சான்று. புதிய வட்டில் தொடக்க ஏற்றியை மீண்டும் எழுதியே ஆக வேண்டும். சோதிக்க, கணினியை அணைத்து ஒரு வட்டைக் கழற்றித் தொடங்கிப் பார்க்கலாம். அதைத் திரும்பச் சேர்த்து, ஒத்திசைவு முழுதும் முடிந்த பிறகே மற்றதைக் கழற்ற வேண்டும்; இடையில் கழற்றினால் அரைகுறையாக எழுதப்பட்ட வட்டு மட்டுமே கையில் எஞ்சும்.