ஓடிபிக்காக ஏன் காத்திருக்கிறோம், நெட்வொர்க்கையே கேட்டால் என்ன?

போன மாதம் ஒரு கடையின் அடித்தளத்தில் நின்று பணம் கட்டிக்கொண்டிருந்தேன், ஓடிபி வரவே இல்லை. திரையில் 30, 29, 28 என்று எண் இறங்குகிறது, பின்னால் வரிசை நீள்கிறது, மறுபடி அனுப்பச் சொல்கிறேன், மறுபடி. கடைசியில் மூன்று ஓடிபியும் ஒரே நேரத்தில் வந்து விழுந்தன. எது புதியது என்று தெரியாமல் தப்பானதைப் போட்டு, அப்புறம் ரொக்கமாகக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த ஃபோனில் இருப்பது என் சிம்தான் என்பது நெட்வொர்க்குக்கு ஏற்கனவே தெரியும். சிம் கார்டுக்குள் ஒரு ரகசியச் சாவி இருக்கிறது, அதன் நகல் ஆபரேட்டரிடம் இருக்கிறது. நெட்வொர்க் ஒரு எண்ணை அனுப்பும், சிம் அதைத் தன் சாவியோடு சேர்த்துக் கணக்குப் போட்டு விடையை அனுப்பும், சாவி மட்டும் கார்டை விட்டு வெளியே வராது. விடை பொருந்தினால்தான் இணைப்பே கிடைக்கும். இவ்வளவு கறாராகச் சரிபார்த்து முடித்த ஒருவரிடம் போய், ஆறு இலக்கத்தை எஸ்எம்எஸ்ஸில் அனுப்பி, அதைப் பார்த்துத் தட்டச்சு செய்யச் சொல்வது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை.

சரி, வங்கி நேராக நெட்வொர்க்கிடமே கேட்டுக்கொள்ளலாமே? அப்படிக் கேட்பதற்கான வழியைத்தான் இப்போது கட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு மென்பொருள் இன்னொன்றிடம் எதைக் கேட்கலாம், எந்த வடிவத்தில் கேட்க வேண்டும், பதில் எப்படி வரும் என்று முன்கூட்டியே எழுதிவைத்த ஒப்பந்தம் ஏபிஐ. லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் 2022இல் தொடங்கிய கமாரா என்ற திறந்த மூலத் திட்டம் மொபைல் நெட்வொர்க்குகளுக்கான ஏபிஐகளை எழுதுகிறது. கோடு பகிரும் தளமான கிட்ஹப்பில் எல்லாம் பொதுவில் இருக்கிறது, யாரும் படிக்கலாம், குறை சொல்லலாம். 2023 பிப்ரவரியில் பார்சிலோனாவில், மொபைல் ஆபரேட்டர்களின் உலகச் சங்கமான ஜிஎஸ்எம்ஏ ஓப்பன் கேட்வே என்ற பெயரில் 21 ஆபரேட்டர்களை இதற்குப் பின்னால் சேர்த்தது. ஏர்டெல் அதில் உண்டு, இலங்கையின் டயலாக்குக்குத் தாய் நிறுவனமான ஆக்ஸியாட்டாவும் உண்டு.

மொபைல் எண்ணைச் சரிபார்க்கும் ஏபிஐயையே எடுத்துக்கொள்வோம். வங்கி ஆப் திறந்ததும் மொபைல் டேட்டா வழியாக ஆபரேட்டரின் சர்வரைத் தட்டுகிறது. அந்தக் கோரிக்கை எந்த ஐபி முகவரியிலிருந்து வருகிறது என்று சர்வர் பார்க்கிறது. அந்த முகவரியை இந்த நொடியில் எந்த சிம்முக்குக் கொடுத்திருக்கிறோம் என்பது ஆபரேட்டரின் கணக்கில் இருப்பதால், எண் எது என்று உடனே தெரிந்துவிடும். ஆனால் எண்ணைச் சொல்லிவிடாது. ஒருமுறை மட்டும் செல்லுபடியாகும் ஒரு குறியீட்டை ஆப்பிடம் கொடுக்கும், ஆப் அதை வங்கியின் சர்வருக்கு அனுப்பும், வங்கி அதைக் காட்டி டோக்கன் என்ற தற்காலிக அனுமதிச் சீட்டு ஒன்றை வாங்கிக்கொண்டு, "இந்த ஆள் தன் எண் இது என்கிறார், சரியா?" என்று கேட்கும். பதில் ஆம் அல்லது இல்லை, அவ்வளவுதான். நாம் எதையும் தட்ட வேண்டியதில்லை. ஃபோனில் யாராவது ஏமாற்றி நம்மிடமிருந்து கறந்துகொள்ள ஓடிபி என்ற ஒன்றே இருக்காது.

சிம் மாற்று மோசடிக்கும் இதே மாதிரி ஒரு கேள்வி உண்டு. திருடன் போலி ஆவணம் காட்டி உங்கள் எண்ணுக்கு டூப்ளிகேட் சிம் வாங்கிவிட்டால், அப்புறம் உங்கள் ஓடிபி எல்லாம் அவனுக்குத்தான் போகும். ஒவ்வொரு சிம்முக்கும் ஐஎம்எஸ்ஐ என்று தனி அடையாள எண் இருக்கிறது, பொதுவாக 15 இலக்கம். உங்கள் மொபைல் எண் எந்த ஐஎம்எஸ்ஐயோடு கட்டப்பட்டிருக்கிறது என்பது ஆபரேட்டரின் தரவுத்தளத்தில் ஒரு வரி. சிம் மாறினால் அந்த வரி மாறும். வங்கி கேட்க வேண்டியதெல்லாம், கடந்த இத்தனை மணி நேரத்துக்குள் அது மாறியதா என்பதுதான். மணி நேரத்தைக் குறிப்பிடாவிட்டால் கமாரா 240 என்று எடுத்துக்கொள்ளும், அதாவது பத்து நாள். மாறியிருந்தால் பெரிய தொகையை நிறுத்திவைத்து விசாரிக்கலாம்.

யோசனை புதிதில்லை. 1998லேயே பிரிட்டிஷ் டெலிகாம், மைக்ரோசாஃப்ட், நார்டெல், சீமென்ஸ், அல்டிகாம் சேர்ந்து பார்லே என்று ஒரு குழு தொடங்கின, நெட்வொர்க்கை வெளியாட்களின் மென்பொருளுக்குத் திறந்துவிடத்தான். ஆனால் அதை எழுதியவர்கள் டெலிகாம்காரர்கள். அழைப்பு நெட்வொர்க்குக்குள் எப்படி நகர்கிறது என்று தெரியாதவனுக்கு ஒன்றும் புரியாது, மேலே கோர்பா என்ற கனமான தொழில்நுட்பம் வேறு. எளிமைப்படுத்திய பார்லே எக்ஸ் வந்தது, பிறகு ஜிஎஸ்எம்ஏவின் ஒன் ஏபிஐ வந்தது, எதுவும் பெரிதாக ஊன்றவில்லை. இடையில் 2008இல் தொடங்கிய ட்விலியோ என்ற நிறுவனம், எஸ்எம்எஸ்ஸையும் அழைப்பையும் ஆபரேட்டர்களிடம் வாங்கி, நாலு வரிக் கோடில் அனுப்பும்படி செய்து டெவலப்பர்களுக்கு விற்றது. டெவலப்பருக்கு வேண்டியது அதுதான். டயலாக்கின் ஐடியாமார்ட் தளமும் எஸ்எம்எஸ் ஆப், நட்சத்திரம், ஹேஷ் சேர்த்து எண் தட்டுகிற யுஎஸ்எஸ்டி ஆப் செய்பவர்களுக்கு அப்படித்தான் வழி விட்டது, ஆனால் அது ஒரே ஆபரேட்டரின் கதவு. பத்து ஆபரேட்டருக்குப் பத்து விதமாகக் கோடு எழுத யாருக்கும் பொறுமை கிடையாது. கமாராவில் எனக்குப் பிடித்தது இந்த இடம்தான்: உள்ளே இருப்பது 4ஜியோ 5ஜியோ, கேள்வியின் வடிவம் மாறாது, மொழிபெயர்க்கிற வேலை ஆபரேட்டரின் தலையில்.

கமாராவின் ஏபிஐகளில் மேடைகளில் அதிகம் காட்டப்படுவது கேட்டபோது தரத்தைக் கூட்டித் தரும் ஏபிஐ. நேரலை ஒளிபரப்பு செய்பவர் ஒரு மணி நேரத்துக்கு உயர்தர இணைப்பு கேட்கிறார் என்று வையுங்கள். 5ஜியின் மையத்தில் என்இஎஃப் என்றொரு பகுதி வாசல்காவலர் மாதிரி, வெளியிலிருந்து வரும் கேள்வியைச் சோதித்து உள்ளே விடும். கொள்கைகளைத் தீர்மானிக்கும் பகுதி அந்த இணைப்புக்கு வேறொரு தர எண்ணை ஒதுக்கும். டவர் அதைப் பார்த்து அவருடைய தரவை முன்னால் அனுப்பும். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் டவரின் அலைவரிசை எல்லோருக்கும் பொது. நெரிசலில் ஒருவரை முன்னால் விட்டால் இன்னொருவர் பின்னால் போகத்தான் வேண்டும், எல்லா இணையத் தரவையும் ஒரே மாதிரி நடத்த வேண்டும் என்று 2018இல் இந்திய அரசு ஏற்ற நெட் நியூட்ராலிட்டி விதிகளோடும் இது உரசும். அதனால் இந்த ஏபிஐயை விட, பார்க்கச் சப்பென்று இருக்கும் ஆம், இல்லை கேள்விகள்தான் முதலில் காசு பார்க்கும் என்பது என் கணிப்பு.

ஒரு சிக்கலைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். எண்ணைச் சரிபார்க்கும் கோரிக்கை மொபைல் டேட்டா வழியாகத்தான் போக வேண்டும், வைஃபை வழியாகப் போனால் ஆபரேட்டர் பார்ப்பது வீட்டு ரவுட்டரின் முகவரியைத்தான், உங்கள் சிம்மை அல்ல. வைஃபை ஓடிக்கொண்டிருந்தாலும் இந்த ஒரு கோரிக்கையை மட்டும் மொபைல் டேட்டாவில் தள்ளும்படி ஆப்பை எழுத முடியும். ஆனால் டேட்டா பேக் தீர்ந்திருந்தாலோ, நான் நின்ற அடித்தளம் மாதிரி சிக்னல் சரியாகக் கிடைக்காத இடத்தில் கடையின் வைஃபையில் இருந்தாலோ, ஆப் திரும்பவும் அந்த ஆறு கட்டங்களைத்தான் திரையில் காட்டும்.