பந்தல் பிரித்த பிறகு

வடசென்னையில் ஒரு வீட்டில் சாவு என்றால், வெளியூர் உறவுக்காரர் பஸ் ஏறுவதற்குள் ஏரியா பசங்க பந்தல் போட்டு முடித்திருப்பார்கள். ஐஸ் பெட்டி, நாற்காலி, டீ கேன், மேளம், முச்சந்தியில் கண்ணீர் அஞ்சலி பேனர், மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்கோ காசிமேடு சுடுகாட்டுக்கோ போக வண்டி என்று எல்லாம் தானாக வந்துவிடும். வீட்டார் வாய் திறந்து கேட்க வேண்டியதில்லை. பதினாறாம் நாள் காரியம் வரைக்கும் இந்தக் கூட்டம் கூடவே இருக்கும். மனநல சமூகப் பணியாளர்களான எங்களுக்குக் கவலை அதற்குப் பிந்தைய நாட்களைப் பற்றியது. துக்கத்தில் இருப்பவர் நொடிந்துபோவது பெரும்பாலும் இரண்டாவது, மூன்றாவது மாதத்தில். அப்போது பக்கத்தில் ஆள் இருப்பதில்லை.

பந்தல் பிரித்த பிறகுதான் காகித வேலையும் குவியும். இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். மருத்துவமனையில் இறந்தால் அவர்களே விவரம் அனுப்பிவிடுவார்கள். வீட்டில் இறந்தால் குடும்பம்தான் தெரிவிக்க வேண்டும். சான்றிதழ் வந்ததும் வாரிசுச் சான்றுக்கு இ-சேவை மையம், ரேஷன் கார்டில் பெயர் நீக்கம், பேங்கில் நாமினி விவரம் என்று அலைச்சல் தொடங்கும். ஒவ்வொன்றுக்கும் அரை நாள் கூலி போகும். தூக்கமில்லாமல், எதையும் முடிவெடுக்கத் தெம்பில்லாமல் இருப்பவரிடம் "எதுனா வேணும்னா சொல்லு மச்சான்" என்று சொல்லிவிட்டுப் போனால் அவர் எதையும் சொல்லப்போவதில்லை. என்ன வேண்டும் என்று யோசிக்கவே அவருக்குத் தெம்பு கிடையாது. "வியாழக்கெழம காலைல ஒம்போது மணிக்கு வரேன், தாலுகா ஆபீஸ் போயிட்டு வந்துடலாம். ஆதார், ரேஷன் கார்டு எட்து வை" என்பதுதான் உதவி. நான்கு நண்பர்கள் இருந்தால் கிழமை பிரித்துக்கொள்ளுங்கள். ஒருவர் ஆபீஸ் வேலை, ஒருவர் பிள்ளைகளின் பள்ளிக்கூடம், ஒருவர் வாரத்தில் இரண்டு இரவுச் சாப்பாடு, ஒருவர் சும்மா வந்து உட்கார. சும்மா உட்காருவதையும் ஒரு வேலையாகத்தான் எண்ணிக்கொள்ள வேண்டும். இறந்தவரின் பெயரைச் சொல்லிப் பேசலாம். பேசினால் அழுவார்களே என்று எல்லோரும் தவிர்ப்பதுதான் அவர்களை மேலும் தனியாக்குகிறது.

ஆளோடு நிற்பது, அலைவது, கேட்பது, சோறு கொண்டுவருவது: நட்பின் பலம் இவற்றில் இருக்கிறது. மருத்துவரின் வேலையையும் கடன் கொடுப்பவரின் வேலையையும் நண்பர் தலையில் சுமந்துகொள்ளும்போது இருவருமே கெடுகிறார்கள்.

துக்கம் எது, மனச்சோர்வு நோய் எது என்ற குழப்பம் பலருக்கும் உண்டு. துக்கம் அலையலையாக வரும். நடுவில் பேரப்பிள்ளை ஏதாவது செய்தால் சிரிப்பும் வரும். தொடர்ந்து இரண்டு வாரம், நாளின் பெரும்பகுதி மனம் இறுகியே கிடப்பது, பிடித்த கேரம் போர்டுப் பக்கம்கூடப் போகாதது, விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு, சாப்பாடு இறங்காதது, "நான் இருந்து என்ன பிரயோஜனம்" என்ற பேச்சு ஆகியவை சேர்ந்திருந்தால் மருத்துவரிடம் போக வேண்டும். ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. கீழ்ப்பாக்கத்தில் மனநலக் காப்பகமே இருக்கிறது. அந்தப் பெயரைக் கேட்டாலே வடசென்னையில் கிண்டல்தான். முதல் தடவை கூடவே ஒரு நண்பர் போவதற்கு அதுவே போதுமான காரணம்.

மாத்திரை ஆரம்பித்த பிறகுதான் நண்பர்கள் தெரியாமல் அதிகம் கெடுக்கிறார்கள். மனச்சோர்வுக்கான மாத்திரை வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். முதல் வாரத்தில் குமட்டல், படபடப்பு வரலாம். பலனுக்கு முன்னால் தொந்தரவு வருகிற இந்த இடைவெளியில்தான் "மாத்திர துன்னா அடிமையாயிடுவ, நிறுத்து" என்ற அறிவுரை வந்து விழும். இந்த வகை மாத்திரைகள் போதைப் பழக்கம் ஆவதில்லை. ஆனால் திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல் வரும். சரியான பிறகும் குறைந்தது ஆறு மாதமாவது தொடர்வது வழக்கம். பழக்கமாகக்கூடியவை சில தூக்க மாத்திரைகள். அவை சீட்டு இல்லாமல், "எனக்கு எழுதிக் குட்த்தாங்க, நீ ஒண்ணு போட்டுக்க" என்று நட்பாகக் கைமாறுகின்றன. அதைச் செய்யாதீர்கள்.

குடியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஆண்கள் கூட்டத்தில் ஆறுதலுக்கு முதலில் நீட்டப்படுவது ஒரு கட்டிங்தான். 180 மில்லி குவார்ட்டரில் ஏறக்குறைய 60 கிராம் சுத்தமான ஆல்கஹால் இருக்கிறது. மருத்துவக் கணக்கில் அது ஆறு பெக்குக்குச் சமம். குடித்தால் தூக்கம் வரும் என்பது பாதி உண்மை. வருகிற தூக்கம் நடுராத்திரியில் உடையும், மறுநாள் மனம் இன்னும் கீழே இறங்கும். துக்கத்தில் ஆரம்பித்த கட்டிங் காலையிலும் தேவைப்பட ஆரம்பித்தால் அது வேறு கதை.

அந்தக் கட்டத்தில் நண்பர்கள் எடுக்கும் முடிவு பெரும்பாலும் ஒன்றுதான்: ரூமில் வைத்துப் பூட்டு, நாலு நாளில் சரியாகிவிடும். நோக்கம் நல்லது, விளைவு உயிருக்கே ஆபத்து. பல வருடம் தினமும் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால், கடைசிக் குடியிலிருந்து ஆறு, எட்டு மணி நேரத்தில் கைநடுக்கம், வியர்வை, வாந்தி தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாவது, மூன்றாவது நாளில் சிலருக்கு இடம், நேரம் தெரியாமல் போகும். இல்லாத பூச்சியைத் தட்டுவார்கள், இல்லாத ஆளோடு பேசுவார்கள், காய்ச்சலும் படபடப்பும் ஏறும். இதைப் பார்த்துவிட்டு "நடிக்கிறான்" என்று அடிப்பதும், "காத்து கருப்பு" என்று மந்திரிக்கப் போவதும் நடக்கின்றன. இது மருத்துவ அவசரம். 108-ஐக் கூப்பிட வேண்டும். மருத்துவமனையில் நண்பர் சொல்ல வேண்டியவை மூன்று: தினமும் எவ்வளவு குடித்தார், கடைசியாக எத்தனை மணிக்குக் குடித்தார், முன்பு வலிப்பு வந்ததுண்டா. மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்து "எப்பவாவது ஒரு பீர், அவ்ளோதான் டாக்டர்" என்று குறைத்துச் சொன்னால் மருந்தின் அளவும் குறைந்துபோகும். முன்கூட்டியே திட்டமிட்டு மருத்துவரிடம் போனால், நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்கும் மாத்திரையோடும் வைட்டமின் பி1 ஊசியோடும் பாதுகாப்பாக நிறுத்தலாம்.

இன்னொன்று: குடியை நிறுத்த, குடிப்பவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலக்கும் மாத்திரை. நண்பர் மூலமாகத்தான் பெரும்பாலும் அது வீட்டுப் பெண்கள் கைக்கு வருகிறது. அந்த மாத்திரை உள்ளே இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் விழுந்து உயிரே போகலாம். அவர் சம்மதத்தோடு, மருத்துவர் கண்காணிப்பில் மட்டுமே அது கொடுக்கப்பட வேண்டியது.

நண்பர் ஒருவர் உயிரை விடும் எண்ணத்தில் இருக்கிறாரோ என்று சந்தேகம் வந்தால் சுற்றி வளைக்காமல் கேளுங்கள்: "செத்துடலாம்னு தோணுதா?" கேட்டால் எண்ணத்தை விதைத்துவிடுவோம் என்ற பயம் தேவையில்லை; நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் உண்டாவதில்லை, பலருக்குப் பாரம் இறங்குகிறது. ஆமாம் என்றால் அடுத்த கேள்வி, எப்படி, எப்போது என்று யோசித்து வைத்திருக்கிறாரா. இருந்தால் அவரைத் தனியே விடாதீர்கள். வீட்டில் இருக்கும் மாத்திரை, பூச்சி மருந்து போன்றவற்றை வெளியே எடுத்துவிடுங்கள். "யார்ட்டயும் சொல்லாத, சத்தியம் பண்ணு" என்று கேட்பார். அந்தச் சத்தியத்தை மட்டும் பண்ணக்கூடாது. "உன்ன காப்பாத்த யார்ட்ட சொல்லணுமோ அவங்ககிட்ட மட்டும் சொல்லுவேன்" என்று சொல்லலாம். வீட்டில் ஒருவருக்குத் தெரிவித்து, அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும். நடுராத்திரியில் என்ன செய்வது என்று தெரியாவிட்டால் 14416 என்ற மனநல உதவி எண்ணையோ 104 என்ற சுகாதார உதவி எண்ணையோ கூப்பிடுங்கள். இரண்டும் கட்டணமில்லாதவை, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.

உயிரை விட ஏற்கெனவே எதையாவது குடித்துவிட்டார் என்றால் சோப்புத் தண்ணீர், உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாந்தி நுரையீரலுக்குள் போய்விடலாம். மயக்கமாக இருந்தால் இடப்பக்கமாகப் படுக்க வைத்து, குடித்த பாட்டில் அல்லது கவரைக் கையோடு எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். "நல்லாதானே பேசுறான், காலைல பாத்துக்கலாம்" என்று தள்ளிப்போடக்கூடாது. சில விஷங்கள் ஒன்றிரண்டு நாள் ஒன்றும் தெரியாமல் இருந்துவிட்டுப் பிறகு ஈரலைப் பிடிக்கும். போலீஸ் கேஸ் ஆகுமே என்ற பயத்தில் நண்பர்கள் இழக்கும் நேரம்தான் கொடுமை. மருத்துவமனை காவல் நிலையத்துக்குத் தகவல் தரும், அது நடைமுறை. ஆனால் 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 115, வேறுவிதமாக நிரூபிக்கப்படாதவரை, உயிரை விட முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருதச் சொல்கிறது. அவரைத் தண்டிப்பதற்கு அது தடை.

பணத்தில் ஒரே விதி: திரும்பி வராவிட்டாலும் உங்கள் வீட்டில் அடுப்பு எரியும் என்ற அளவுக்குத்தான் கொடுக்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் காசிமேடு பக்கம் கைமாற்று அதிகம் புரளும். அதிலேயே யாருக்காவது உடம்புக்கு வந்துவிட்டால் நண்பரை ஜாமீன் கையெழுத்துக்குக் கூப்பிடுவார்கள். ஜாமீன் போட்டவருக்கும் கடன் வாங்கியவருக்கும் பொறுப்பு ஒன்றேதான்; கடன் கொடுத்தவர் நேராக உங்களிடமே வரலாம். பெண்களுக்குள் நகை கைமாறும். தோழியிடம் செயினைக் கொடுத்து அடகு வைக்கச் சொன்னால் சீட்டு அவர் பெயரில் இருக்கும், மீட்கும் உரிமையும் அவருக்குத்தான். கொடுத்தே ஆக வேண்டும் என்றால் உங்கள் பெயரில் நீங்களே வைத்துப் பணத்தைக் கொடுங்கள். மருத்துவச் செலவு என்றால் அதற்கும் முன்னால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைக்கு வழி இருக்க, மூன்று வட்டிக்கு ஓடுகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள்.

ஹவுசிங் போர்டு வராந்தாவில், புருஷன் பெண்டாட்டியை அடிக்கும் சத்தம் பக்கத்து வீட்டு அக்காவுக்குத்தான் முதலில் கேட்கிறது. கோபத்தில் போய்ப் புருஷனைத் தனியாகக் கேட்காதீர்கள். கதவு சாத்திய பிறகு அதற்கான தண்டனை அவளுக்குத்தான் கிடைக்கும். அவளுடைய ஆதார், பாஸ்புக், பிள்ளைகளின் சான்றிதழ், இரண்டு செட் துணி ஆகியவை உங்கள் வீட்டில் இருக்கட்டும். பெண்களுக்கான உதவி எண் 181-ஐ எப்போது கூப்பிடுவது என்பதை அவள் முடிவு செய்யட்டும். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் காத்திருக்க வேண்டாம்.

துணை நிற்பவரும் தேய்ந்துபோவார். தினமும் ராத்திரி ஒரு மணி வரை போனில் கேட்டுக்கொண்டிருப்பவருக்குத் தூக்கம் போய், எரிச்சல் வந்து, கடைசியில் போனையே எடுக்காமல் விட்டுவிடுவார். அந்தத் திடீர் மௌனம் எதிரில் இருப்பவருக்குப் பெரிய அடி. முதலிலேயே "பத்து மணி வரைக்கும் பேசலாம், அதுக்கு மேல அவசரம்னா மட்டும் கூப்டு" என்று சொல்வது இருவருக்கும் நல்லது. அவர் சொன்னவற்றை வாட்ஸ்அப் குரூப்பில் "எல்லாரும் கொஞ்சம் பாத்துக்கங்க" என்று போடுவது உதவியில் சேராது.

குடும்பம் ஒதுக்கியவர்களுக்கும் தனியாக இருப்பவர்களுக்கும் பயன்படும் ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. மேலே சொன்ன அதே மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 14-படி, 18 வயது நிறைந்த எவரும் தன் மனநலச் சிகிச்சைக்குத் துணை நிற்க ஒருவரைப் பிரதிநிதியாக நியமிக்கலாம். அவர் உறவினராக இருக்க வேண்டியதில்லை, நண்பராக இருக்கலாம். முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். நியமிப்பவரின் கையெழுத்து அல்லது கைநாட்டு வேண்டும். நியமிக்கப்படுபவரும் தன் சம்மதத்தை எழுதித் தர வேண்டும். எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். மனம் தெளிவாக இருக்கும்போதே எழுதி, ஒரு நகலை மருத்துவமனைக் கோப்பில் சேர்க்கச் சொல்லிவிட்டு, இன்னொன்றை நண்பரிடம் கொடுத்து வைப்பது நல்லது.