92 யார்டுலயே நின்னு போன ஆஃபென்ஸ்: ஒரு நல்ல டீம் ஏன் திடீர்னு ஆடத் தெரியாத மாதிரி ஆகுது?

2012 ஜனவரி 9, நியூ ஆர்லியன்ஸ் சூப்பர்டோம், அமெரிக்க காலேஜ் ஃபுட்பால் சாம்பியன்ஷிப் ஃபைனல். ஒரு பக்கம் எல்எஸ்யூ (லூசியானா ஸ்டேட் யூனிவர்சிட்டி), அந்த சீசன்ல ஆடுன 13 மேட்ச்லயும் ஜெயிச்ச டீம். இன்னொரு பக்கம் அலபாமா. ஸ்கோர் 21-0. எல்எஸ்யூ மொத்த மேட்ச்லயும் சேத்து எடுத்தது 92 யார்டு, அஞ்சே அஞ்சு ஃபர்ஸ்ட் டவுன் (அது என்னன்னு கீழ சொல்றேன்), மைதானத்தோட நடுக்கோட்டத் தாண்டுனது ஒரே ஒரு தடவ, அதுவும் நாலாவது குவார்ட்டர்ல. நான் இந்த மேட்ச எத்தனையோ தடவ திரும்பத் திரும்பப் பாத்துருக்கேன், ஒவ்வொரு தடவயும் ஒரே கேள்விதான், 13 டீம அடிச்சுட்டு வந்த பசங்களுக்கு அன்னிக்கு மட்டும் என்ன ஆச்சு?

பெரும்பாலும் சொல்ற பதில் "அலபாமா பசங்க பலசாலிங்க, போட்டு அடிச்சுட்டாங்க". அது பொய் இல்ல, ஆனா முக்கால்வாசி விஷயம் அதுல இல்ல. உண்மையான பதில் பெருக்கல் கணக்குல இருக்கு. ஒவ்வொரு அடியிலயும் கொஞ்சம் கொஞ்சமா குறையுறது எல்லாம் ஒண்ணோட ஒண்ணு பெருகி கடைசில பூஜ்யத்துக்குப் பக்கத்துல கொண்டுபோய் விட்ருது.

முதல்ல ஆட்டத்தச் சொல்லிடுறேன், இது கால்ல உதைக்கிற ஃபுட்பால் இல்லன்னு தெரிஞ்சிருக்கும். பந்து கையில இருக்க பக்கம் ஆஃபென்ஸ், அவங்களத் தடுக்கற பக்கம் டிஃபென்ஸ். ஆஃபென்ஸுக்கு நாலு சான்ஸ், ஒவ்வொண்ணும் ஒரு டவுன். நாலு டவுனுக்குள்ள 10 யார்டு போயிட்டா ஃபர்ஸ்ட் டவுன், திரும்ப புதுசா நாலு சான்ஸ். மூணு தடவயும் முடியலன்னா பொதுவா நாலாவதுல பந்த எதிராளி பக்கம் தூரமா உதைச்சு விட்ருவாங்க, அதான் பண்ட். இப்டி படிப்படியா ஏறி கடைசிக் கோட்டத் தொட்டா டச்டவுன்.

இப்ப ஒரு கணக்கு போட்டுப் பாக்கலாம். இது எந்த டீமோட நிஜ நம்பரும் இல்ல, புரியறதுக்காக நானே எடுத்துக்கிறது. டச்டவுன் போட வரிசையா அஞ்சு ஃபர்ஸ்ட் டவுன் வேணும்னு வெச்சுக்குவோம். சாதாரண டிஃபென்ஸுக்கு எதிரா ஒவ்வொரு தடவயும் ஃபர்ஸ்ட் டவுன் எடுக்க 75 சதவீதம் வாய்ப்பு இருக்குன்னா, அஞ்சும் வரிசையா நடக்க 0.75-ஐ அஞ்சு தடவ பெருக்கணும், வர்றது 24 சதவீதம், அதாவது நாலு தடவ பந்து கிடைச்சா ஒரு டச்டவுன். அதே வாய்ப்ப ஒரு நல்ல டிஃபென்ஸ் 50 சதவீதமாக் குறைச்சா? மூணுல ஒரு பங்குதான் குறைஞ்சிருக்கு. ஆனா 0.5-ஐ அஞ்சு தடவ பெருக்குனா 3 சதவீதம், 32 தடவ பந்து கிடைச்சாதான் ஒரு டச்டவுன். ஒரு மேட்ச்ல ஒரு டீமுக்கு சுமாரா 12 தடவ பந்து கிடைக்கும். முதல் கணக்குல மூணு டச்டவுன் கிட்ட வரும், ரெண்டாவது கணக்குல அரை டச்டவுன் கூட வராது. எதிராளி மூணுல ஒரு பங்கு கூடுதலா நல்லா ஆடுனாங்க, நம்ம ஸ்கோர் எட்டுல ஒரு பங்காச்சு. அன்னிக்கு ராத்திரி எல்எஸ்யூவுக்கு நடந்தது இதான்.

சரி, அந்த 75 எப்டி 50 ஆகுது, அதுலதான் சுவாரஸ்யமே.

ஆள் கணக்க எடுத்துக்குங்க. ரெண்டு பக்கமும் 11 பேர்தான். ஆனா ஓடுற ஆட்டத்துல ஆஃபென்ஸோட 11 பேர்ல ஒருத்தர் பந்தத் தூக்கிட்டு ஓடுறவரு, இன்னொருத்தர் பந்த அவரு கையில குடுத்துட்டு நிக்கிற குவார்ட்டர்பேக் (எறியற ஆட்டத்துல பந்த எறியறவரும் இவர்தான்), இவங்க ரெண்டு பேரும் யாரையும் தடுக்கப் போறதில்ல. மிச்சம் 9 பேரு, எதிர்ல 11 பேரு. ரெண்டு ஆள் எப்பவுமே கையில குறைச்சல். இத சரிக்கட்டத்தான் ஆஃபென்ஸ், எறியற பந்தப் பிடிக்கிற ரிசீவர்கள மைதானத்தோட ரெண்டு ஓரத்துக்கும் விரிச்சு நிக்க வெக்குது, டிஃபென்ஸும் ஆள விரிச்சே ஆகணும், நடுவுல இடம் கிடைக்கும். பயம் இருக்கற வரைக்கும் இது வேலை செய்யும். ஓரத்துல நிக்கிற கார்னர்பேக் ஒத்த ஆளா ரிசீவர சமாளிச்சுட்டாருன்னா, அவருக்குத் துணையா பின்னாடி நிக்கிற சேஃப்டி அங்க தேவையே இல்ல, அவரு முன்னாடி வந்து ஓட்டத்த அடைக்க நின்னுருவாரு. அலபாமாவுக்கு ஓரத்துல ட்ரே கிர்க்பேட்ரிக், பின்னாடி மார்க் பாரன், ரெண்டு பேருமே அந்த வருஷ என்எஃப்எல் டிராஃப்ட்ல (புரொஃபஷனல் டீம்கள் காலேஜ் பசங்களத் தேர்ந்தெடுக்கறது) முதல் ரவுண்டுல போனவங்க. ஓரத்துல ஒருத்தர் நல்லா ஆடுறதால நடுவுல ஓட்டம் அடைபடுது. எங்கயோ இருக்க காரணம், எங்கயோ தெரியற விளைவு.

அலபாமா டிஃபென்ஸோட நடுவுல ஜோஷ் சாப்மன்னு ஒரு நோஸ் டேக்கிள், அதாவது முன்வரிசையோட நடுவுல நிக்கிறவரு. சுமாரா 140 கிலோ, உயரம் ஆறடிக்குக் கொஞ்சம் மேல, இந்த வேலைக்கு அது குள்ளம்தான். அந்தக் குள்ளம்தான் அவரோட பலமே. எதிர்ல வர்றவரோட தோளுக்குக் கீழ போய் முட்டினா நாம குடுக்கற தள்ளு மேல்நோக்கிப் போகும், அவரோட எடை தரையில இருந்து லேசாயிடும், காலுக்குப் பிடிமானம் போயிடும், பிடிமானம் போனா எத்தன கிலோ இருந்தாலும் பிரயோஜனம் இல்ல. டிவில பாத்தா சாப்மன் ஒண்ணுமே பண்ணாத மாதிரித் தெரியும், நின்ன இடத்துலயே நிப்பாரு. ஆனா ஸ்னாப் ஆன உடனே, அதாவது பந்து ஆட்டத்துக்கு வந்த உடனே, அவர ரெண்டு பேரு தடுத்துட்டு இருப்பாங்க பாருங்க, அங்கதான் விஷயம். ஏற்கனவே 9 பேர்தான், அதுல ரெண்டு பேரு ஒருத்தர் மேல போயாச்சு, அப்போ பின்னாடி நிக்கிற லைன்பேக்கர் டான்டே ஹைடவரத் தடுக்க வேண்டிய ஆளு வரவே முடியாது. ஹைடவர் சும்மா நடந்து வந்து பிடிக்கிற மாதிரி இருக்கும். கைதட்டு அவருக்கு, வேலை சாப்மனோடது. இத்தனைக்கும் சாப்மன் அந்த சீசன்ல முழங்கால்ல தசைநார் கிழிஞ்ச நிலைமையில ஆடுனவரு, அத நினைச்சா எனக்கு இன்னமும் சிலிர்க்கும்.

முதல் டவுன்ல ஓடி ஒரு யார்டுதான் கிடைச்சதுன்னா அதோட விலை அந்த ஒரு யார்டு இல்ல. முதல் கோணல் முற்றும் கோணல்னு சும்மாவா சொன்னாங்க. மூணாவது டவுன்ல 2 யார்டு வேணும்னா ஓடலாம், எறியலாம், ஏமாத்தலாம், டிஃபென்ஸ் எல்லாத்துக்கும் தயாரா நிக்கணும். 9 யார்டு வேணும்னா எறிஞ்சே ஆகணும், அது மைதானத்துல இருக்க எல்லாருக்கும் தெரியும். யூகிக்கிற வேலை போயிடுச்சுன்னா டிஃபென்ஸுக்கு அந்த யூகிக்கிற நேரம் மிச்சம். மனுஷன் ஒண்ணக் கண்ணால பாத்து உடம்ப அசைக்கவே கால் செகண்ட் ஆகும். முழு வேகத்துல ஓடுறவரு ஒரு செகண்டுக்கு 9 மீட்டர் போவாரு, கால் செகண்ட் முன்னாடியே கிளம்பிட்டா ரெண்டு மீட்டருக்கு மேல லாபம். ரிசீவருக்குக் கிடைக்கிற இடைவெளியே பல நேரம் ஒரு மீட்டர்தான், அப்புறம் எங்க எறியறது?

எறியறதுலயும் அதே பெருக்கல்தான். குவார்ட்டர்பேக்குக்கு முன்னாடி நின்னு தடுக்கற லைன்மேன் தாங்கணும், ரிசீவர் தன்ன மறிக்கிறவர்கிட்ட இருந்து விலகணும், எறி சரியாப் போகணும், கையில நிக்கணும். நாலும் 90 சதவீதம்னா மொத்தத்துல 66 சதவீதம் பந்து பிடிபடும், நாலும் 80 ஆயிட்டா 41தான். குவார்ட்டர்பேக்குக்குக் கிடைக்கிறதே ரெண்டரை மூணு செகண்ட். ரிசீவர் அரை செகண்ட் லேட்டா விலகுறாரு, லைன்மேன் அரை செகண்ட் முன்னாடி சாயுறாரு, தனித்தனியாப் பாத்தா ரெண்டுமே சின்னது, சேந்தா எறியற நேரமே இல்ல.

இத அந்த மேட்ச்ல ஒரே ஒரு பந்துல பாக்கலாம். மூணாவது குவார்ட்டர், எல்எஸ்யூ குவார்ட்டர்பேக் ஜோர்டன் ஜெஃபர்சன துரத்தறாங்க, அவரு ஓடிட்டே பக்கத்துல இருந்த தன்னோட டீம் ஸ்பென்சர் வேருக்கு அவசரமா பந்தத் தட்டி விடுறாரு. வேரோ இவரு ஓடத்தான் போறாருன்னு நினைச்சு தடுக்கறதுக்காக அந்தப் பக்கம் திரும்பிட்டாரு. பந்து வருது, பிடிக்க வேண்டிய ஆளு பாக்கவே இல்ல. அலபாமாவோட சி.ஜே. மோஸ்லி அலுங்காம எடுத்துட்டாரு. மேட்ச் முடிஞ்சதும் ஜெஃபர்சன திட்டாத ஆள் இல்ல. எனக்கு அதுல கோவம்தான் வரும். ஒரு பையனுக்கு முடிவெடுக்க அரை செகண்ட் குடுத்து, தடுக்கற ஆள எல்லாம் பிடுங்கிட்டு, ஏன் தப்பா எறிஞ்சேன்னு கேக்கறது என்ன நியாயம்? அன்னிக்கு அவரு 17 தடவ எறிஞ்சு 11 பிடிபட்டுச்சு, மோசமே இல்ல, ஆனா அந்த 11லயும் சேந்து வந்தது 53 யார்டு. தூரமா எறிய நேரமே இல்லாததால பக்கத்துலயே எறிஞ்சிருக்காரு. பெஞ்சுல இருந்த இன்னொரு குவார்ட்டர்பேக் ஜாரெட் லீய இறக்கியிருக்கலாமேன்னு இன்னிக்கும் வாதம் நடக்குது. நவம்பர்ல இதே அலபாமாகிட்ட லீ ரெண்டு பந்த எதிராளி கையில குடுத்தாரு. ஆள மாத்துனா பெருக்கல் மாறாது.

அந்த நவம்பர் 5 மேட்ச்ல எல்எஸ்யூ 9-6னு ஓவர்டைம்ல ஜெயிச்சுது, ரெண்டு பக்கமும் ஒரு டச்டவுன் கூட இல்ல. அதுக்கும் ஃபைனலுக்கும் நடுவுல ரெண்டு மாசம். காலேஜ் ஆட்டத்துல இது பெரிய விஷயம், ஏன்னா இவங்க படிக்கிற பசங்க, சீசன்ல பயிற்சிக்கு வாரத்துக்கு 20 மணி நேரம்தான்னு விதி. எதிராளிக்குத் தயாராக நேரம் கம்மிங்கறதத்தான் பலம் கம்மியா இருக்க டீம் நம்பி ஆடும். எல்எஸ்யூ நம்புன ஆப்ஷன் ஓட்டமும் அந்த வகைதான், டிஃபென்ஸ்ல ஒருத்தர வேணும்னே தடுக்காம விட்டுட்டு, அவரு எந்தப் பக்கம் பாயுறாருன்னு பாத்து குவார்ட்டர்பேக் பந்த வெச்சுக்கவோ குடுக்கவோ செய்வாரு, அதுல குறையுற ஆள் கணக்கு கொஞ்சம் சரியாகும். ஆனா இது எதிராளிய ஒரு கணம் யோசிக்க வெச்சாதான் வேலை செய்யும். ஆனா அலபாமாவுக்கு ரெண்டு மாசம் இருந்துது, கோச் நிக் சேபனும் டிஃபென்ஸ் கோஆர்டினேட்டர் கிர்பி ஸ்மார்ட்டும் வாரக்கணக்கா உக்காந்து அதுக்கே ஆள் ஆளுக்கு வேலை பிரிச்சுக் குடுத்தப்புறம் யாரும் யோசிக்கவே இல்ல. ஓட்டத்துல எல்எஸ்யூவுக்கு மொத்தமே 39 யார்டு.

இன்னொரு பக்கமும் இருக்கு, இத யாரும் பெருசாப் பேசுறதில்ல. ஆஃபென்ஸ் மூணே டவுன்ல வெளிய வந்துட்டா அவங்களோட சொந்த டிஃபென்ஸ் மூச்சு வாங்கறதுக்குள்ள திரும்ப இறங்கணும். அன்னிக்கு அலபாமாவுக்கு 21 ஃபர்ஸ்ட் டவுன், எல்எஸ்யூவுக்கு 5. எல்எஸ்யூ டிஃபென்ஸும் அந்த வருஷம் நாட்டுலயே உச்சத்துல இருந்த ஒண்ணு, மூணு குவார்ட்டர் முழுக்க டச்டவுன் விடல, அலபாமாவோட ஜெரமி ஷெல்லி உதைச்ச அஞ்சு ஃபீல்டு கோல்தான் (பந்தக் கம்பங்களுக்கு நடுவுல உதைச்சு எடுக்கற மூணு பாயிண்ட்) போச்சு.

நாலாவது குவார்ட்டர்ல சுமாரா எட்டு நிமிஷம் மிச்சம் இருக்கறப்பதான் எல்எஸ்யூ முதல் தடவையா நடுக்கோட்டத் தாண்டுச்சு, அலபாமாவோட 32 யார்டு கோடு வரைக்கும் போச்சு, அங்க இருந்து பின்னாடிதான் வந்துது. நாலாவது டவுன், ஜெஃபர்சன் எறிய கை தூக்கறதுக்குள்ள ஹைடவர் வந்து அவர மடக்கிப் பிடிச்சு (இதுக்குப் பேரு சாக்) பந்தக் கீழ தட்டிட்டாரு. கொஞ்ச நேரத்துல அலபாமாவோட ட்ரென்ட் ரிச்சர்ட்சன் 34 யார்டு ஓடி அந்த மேட்ச்சோட ஒரே டச்டவுனப் போட்டாரு, அப்ப எல்எஸ்யூ டிஃபென்ஸ் பசங்க இடுப்புல கைய வெச்சுட்டு குனிஞ்சு நின்னது எனக்கு இன்னும் கண்ணுல நிக்குது.