நீடில் டிராப்: ரெக்கார்டு முள்ளுல பொறந்த சொல், லெட் செப்பலின் படுத்தின பாடு

இப்பல்லாம் பட விமர்சனம் எழுதுறவங்க "இன்டர்வல்ல அந்த நீடில் டிராப் செம"ன்னு சர்வசாதாரணமா போட்டுட்டுப் போறாங்க. பாதிப்பேர் அதை பிஜிஎம்னு நெனச்சுக்கிட்டு சொல்றாங்க, மீதிப்பேர் படத்துல பழைய பாட்டு எந்த ரூபத்துல காதுல விழுந்தாலும் நீடில் டிராப்ங்கிறாங்க. ரெண்டும் சரியில்ல.

படத்துக்குன்னு புதுசா போடாம, ஏற்கனவே வெளிவந்து ஜனங்க காதுல ஊறிப்போன ஒரு பாட்டோட ஒலிப்பதிவையே எடுத்து ஒரு காட்சி மேல வைக்கிறாங்கல்ல, அதுதான் நீடில் டிராப். ஹீரோ அந்தப் பாட்டை வாய்க்குள்ள முணுமுணுத்தா அது இதுல சேராது. வேற ஒருத்தர் புதுசா பாடி ரெக்கார்டு பண்ணா அது கவர். பீட்டை மாத்திப் போட்டா ரீமிக்ஸ். பாட்டு பேரையோ பேண்ட் பேரையோ வசனத்துல சொல்லிட்டுப் போனா வெறும் ரெஃபரன்ஸ்.

சரி, எங்கேர்ந்து வந்துச்சு இந்தச் சொல்? நீடில்னா ரெக்கார்டு பிளேயர் முள்ளு, இசைத்தட்டு மேல முள்ளை இறக்கினா பாட்டு ஆரம்பிக்கும், அதுவரைக்கும் எல்லாரும் ஊகிச்சிடலாம். கேக்க என்னமோ கவிதை மாதிரி இருக்கு, ஆனா சொல்லு பொறந்த இடம் பில் புக்கு. ரேடியோ நிகழ்ச்சி, விளம்பரம், டாக்குமெண்டரி எடுக்கிறவங்களால ஒவ்வொரு தடவையும் இசையமைப்பாளரை வச்சு புதுசா மியூசிக் போட முடியாது, காசு கட்டாது. அவங்களுக்காகவே மியூசிக்கைப் போட்டு அடுக்கி வச்சிருக்கிற லைப்ரரி கம்பெனிகள் இருந்துச்சு. லண்டன்ல டி உல்ஃப் கம்பெனி 1909லயே ஆரம்பிச்சது, ஊமைப்படக் காலத்துல தியேட்டர்ல வாசிக்கிறதுக்கு நோட்ஸ் கொடுத்துட்டு இருந்தவங்க பின்னாடி ரெக்கார்டுக்கு மாறினாங்க. இந்த மாதிரி கம்பெனிகள்கிட்ட ரெக்கார்டை வாங்கி வச்சுக்கலாம், ஆனா அதுல ஒரு துண்டை எடுத்து நிகழ்ச்சியில சேக்கிற ஒவ்வொரு தடவைக்கும் ஒரு கட்டணம் கட்டணும். முள்ளை ஒருதடவை இறக்கினா ஒரு நீடில் டிராப், அதுக்கு ஒரு ரேட்டு. அதே துண்டை மூணு எடத்துல போட்டா மூணு டிராப், மூணு பில். அப்புறம் சிடி வந்து கம்ப்யூட்டரும் வந்து முள்ளே காணாமப் போச்சு, விமர்சகர்கள் அந்தச் சொல்லை எடுத்து பாட்டுக்கு ஒட்டி வச்சுட்டாங்க. ஒவ்வொரு தடவையும் யாரோ ஒருத்தருக்குக் கணக்கு சொல்லியாகணும்ங்கிற அர்த்தம் அதுல இன்னும் ஒளிஞ்சிருக்கு, ரசிகருங்க அதை மறந்துட்டோம், அவ்ளோதான்.

அந்த அர்த்தத்தைப் பாக்கணும்னா லெட் செப்பலின்ங்கிற பிரிட்டிஷ் ராக் பேண்டை எடுத்துக்கணும். 1968ல லண்டன்ல ஆரம்பிச்சாங்க, ஜிம்மி பேஜ் கிட்டார், ராபர்ட் பிளான்ட் பாட்டு, ஜான் பால் ஜோன்ஸ் பேஸ், ஜான் பானம் டிரம்ஸ். 1980ல பானம் செத்துப்போனதும் பேண்டைக் கலைச்சுட்டாங்க. அவ்ளோ பெரிய பேண்டு, ஆனா சினிமாக்காரங்க வந்து பாட்டு கேட்டா ரொம்ப காலம் லேசுல கொடுக்க மாட்டாங்க. அதனால ஹாலிவுட்ல இவங்களைப் பத்தின ரெஃபரன்ஸ் எக்கச்சக்கமா இருக்கும், பாட்டு கம்மியா இருக்கும்.

1982ல வந்த 'ஃபாஸ்ட் டைம்ஸ் அட் ரிட்ஜ்மான்ட் ஹை' படத்துல ஒரு பையன் இன்னொரு பையனுக்கு பொண்ணுங்களை கவுக்கிறது எப்படின்னு கிளாஸ் எடுப்பான், கடைசி பாயிண்ட்டா லெட் செப்பலினோட நாலாவது ஆல்பம் முதல் பக்கத்தைப் போட்டு விடுன்னு சொல்லுவான். அடுத்த சீன்ல நம்மாளு பொண்ணோட கார்ல போறான், ஓடுற பாட்டு 'காஷ்மீர்'. அது 1975ல வந்த 'ஃபிசிக்கல் கிராஃபிட்டி' ஆல்பத்துல உள்ளது, நாலாவது ஆல்பத்துலயே கெடையாது! படத்துல ஒருத்தரும் அதைப் பத்தி வாயே தொறக்க மாட்டாங்க, தெரிஞ்சவங்க மட்டும் சிரிச்சுக்கலாம். வசனத்துல வந்தது ரெஃபரன்ஸ், கார்ல வந்தது நீடில் டிராப், ரெண்டும் ஒட்டாம நிக்கிறதுதான் ஜோக்கு.

1992 'வேய்ன்ஸ் வேர்ல்ட்' இன்னும் தெளிவான கேஸ். கிட்டார் கடைக்குள்ள வேய்ன் ஒரு கிட்டாரை எடுத்து ரெண்டு மூணு நோட் தட்டுவான், உடனே கடைக்காரர் தடுத்து செவுத்துல இருக்கிற போர்டைக் காட்டுவார், செப்பலினோட 'ஸ்டெயர்வே டு ஹெவன்' வாசிக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கும். கிட்டார் டெஸ்ட் பண்ண வர்ற ஒவ்வொரு பையனும் அதையே வாசிச்சு கடைக்காரங்க காதைப் புண்ணாக்குனதுக்கான கிண்டல். தியேட்டர்ல ஓடுனப்போ அந்த ஆரம்ப நோட்டுங்க இருந்துச்சு, வீடியோவா வந்தப்போ உரிமைப் பிரச்சனையில அதை மாத்தி சம்பந்தமே இல்லாத நோட்டைப் போட்டுட்டாங்க, அதனால வீட்டுல பாத்தவங்களுக்கு இவன் என்ன வாசிச்சான்னு இவ்ளோ கோவப்படுறாருன்னே புரியல. அதே படத்துல கார்ல அஞ்சு பேர் தலையை ஆட்டிக்கிட்டே 'பொஹீமியன் ராப்சடி' கேக்கிற சீன் இருக்கு பாருங்க, குவீன் பேண்டோட பாட்டு, அது அக்மார்க் நீடில் டிராப். குவீன் பாடகர் ஃபிரெடி மெர்குரி எறந்து மூணு மாசம்கூட முடியாத நேரத்துல வந்த படம், அந்த சீனால 1975ல வந்த பாட்டு அமெரிக்க சார்ட்ல மறுபடி ஏறி ரெண்டாவது எடம் வரைக்கும் போச்சு.

இயக்குநர் ரிச்சர்ட் லிங்க்லேட்டர் கதை தனி. 1993ல அவர் எடுத்த படத்துக்குப் பேரே 'டேஸ்ட் அண்ட் கன்ஃப்யூஸ்ட்', செப்பலினோட முதல் ஆல்பத்துல இருக்கிற பாட்டோட பேரு. தலைப்புக்கு காப்பிரைட் கெடையாது, அதனால வச்சுக்கிட்டார். ஆனா உள்ள ஒரு செப்பலின் பாட்டுகூட கெடையாது, கேட்டும் கெடைக்கல. பத்து வருஷம் கழிச்சு 'ஸ்கூல் ஆஃப் ராக்' எடுக்கிறப்போ 'இமிக்ரன்ட் சாங்' வேணும்னு ஒரு வேலை பண்ணாங்க. கிளைமாக்ஸ் ஷூட்டிங்குக்கு வந்த கூட்டத்தை முன்னாடி வச்சுக்கிட்டு ஹீரோ ஜாக் பிளாக் மேடையில நின்னு, சாமி கும்புடுற மாதிரி செப்பலின்காரங்ககிட்ட கெஞ்சுறார், பின்னாடி அத்தனை பேரும் சேந்து கத்துறாங்க, அதை வீடியோவா எடுத்து பேண்டுக்கு அனுப்பிட்டாங்க. பாட்டு கெடைச்சுது. பசங்களை வேன்ல கூட்டிட்டுப் போற சீன்ல வரும்.

கேமரன் க்ரோ சின்ன வயசுலயே பத்திரிகைக்காரரா செப்பலின்கூட ஊர் சுத்தினவர், 'ஃபாஸ்ட் டைம்ஸ்' கதை எழுதினதும் அவர்தான். அவரே 2000ல 'ஆல்மோஸ்ட் ஃபேமஸ்' எடுத்து பேஜுக்கும் பிளான்ட்டுக்கும் போட்டுக் காட்டி சில பாட்டு வாங்கிட்டார், 'ஸ்டெயர்வே' மட்டும் இல்லைன்னுட்டாங்க. அந்தப் பாட்டு முழுசா ஓடணும்னு, பையன் அவங்க அம்மாவை உக்கார வச்சு கேக்க வைக்கிற மாதிரி ஒரு நீளமான சீன் எடுத்து வச்சிருந்தார் மனுஷன். அதை டிவிடியில பாட்டே இல்லாம போட்டு, உங்ககிட்ட பாட்டு இருந்தா இந்த எடத்துல ஓட விட்டுக்கங்கன்னு சொல்லிட்டார். அதாவது முள்ளை இறக்கிற வேலையை ஆடியன்ஸ் தலையிலயே கட்டிட்டார், எனக்கு இது ரொம்பப் புடிச்ச விஷயம்.

இதுல கவனிக்க வேண்டியது, ஒரு பாட்டுக்கு ரெண்டு உரிமை உண்டு. வரியும் மெட்டும் எழுதினவங்களோடது ஒண்ணு, அந்த ஒலிப்பதிவு யார் கையில இருக்கோ அவங்களோடது இன்னொண்ணு. நீடில் டிராப்புக்கு ரெண்டும் வேணும், கவருக்கு முதல்ல சொன்னது மட்டும் போதும். டேவிட் ஃபின்ச்சர் 2011ல எடுத்த 'தி கேர்ள் வித் தி டிராகன் டாட்டூ' டைட்டில்ல கேக்கிற 'இமிக்ரன்ட் சாங்' படத்துக்கு இசையமைச்ச ட்ரென்ட் ரெஸ்னரும் ஆட்டிகஸ் ராஸும் பாடகி கேரன் ஓவைப் பாட வச்சு புதுசா பண்ணது, அதனால அது கவர். 2017 'தோர் ராக்னராக்'ல சண்டைக்கு ஓடுறது 1970ல பண்ண ஒலிப்பதிவேதான், அதனால அது நீடில் டிராப். பேண்டு ஐஸ்லாந்து போயிட்டு வந்த சூட்டுல எழுதின பாட்டு அது, வரியில கடவுளோட சுத்தியலும், நார்ஸ் புராணத்துல செத்த வீரர்கள் போய்ச் சேருற வல்ஹல்லாவும் வரும், தோருக்கு இதைவிடப் பொருத்தமா எங்க போய் தேடுறது?

ஆனா நீடில் டிராப்ங்கிற சொல்லுக்கு நேர் அர்த்தத்துலயே நடந்த கூத்து 2012 'ஆர்கோ'. அதுல தெஹ்ரான்ல ஒளிஞ்சிருக்கிற அமெரிக்கர்கள் இருக்கிற வீட்டுல ரெக்கார்டு போடுவாங்க, முள்ளு இறங்குறதை க்ளோஸப்ல காட்டி 'வென் தி லெவி பிரேக்ஸ்' ஆரம்பிக்கும். அனுமதி கேட்டப்போ நடந்ததை படத்தோட இயக்குநர் பென் அஃப்லெக்கே பின்னாடி சொல்லியிருக்கார். ஜிம்மி பேஜ் சீனைப் பாத்துட்டு பாட்டு தர்றேன், ஆனா முள்ளு எறங்குற எடம் தப்பு, மாத்துங்கன்னாராம். அந்தப் பாட்டு நாலாவது ஆல்பத்துல ரெண்டாவது பக்கத்தோட கடைசிப் பாட்டு, அதனால முள்ளு தட்டோட நடுப்பக்கம், லேபிள் கிட்டக்க எறங்கணும், படத்துல வெளி ஓரத்துல முதல் பாட்டு ஆரம்பிக்கிற எடத்துல எறங்கியிருக்கு. டிஜிட்டல்ல நகர்த்தி சரி பண்ணிக் கொடுத்தாங்க. நாப்பது வருஷம் முன்னாடி போட்ட ஆல்பத்துல எந்தப் பாட்டு எந்த வரிக்கோட்டுல ஆரம்பிக்குதுன்னு பாத்த கண்ணு!

தமிழ்ல என்ன சொல்றது? நேரா மாத்தி ஊசி இறக்கம், முள்வீழ்வுன்னு எல்லாம் எழுதுனா ஆஸ்பத்திரி நோட்டீஸ் மாதிரி இருக்கும், யாருக்கும் ஒண்ணும் புரியாது. பழைய பாடல்னா போதாது, புதுப் பாட்டையும் இப்படி வைக்கலாம். மேற்கோள் பாட்டுன்னு சொல்லலாம், ஆனா மேற்கோள்னதும் ரெண்டு வரி எடுத்துச் சொல்றதுதான் மனசுல வருது. என்னோட ஓட்டு 'எடுத்தாண்ட பாட்டு'க்கு, எழுத்துத் தமிழ்ல 'எடுத்தாள் பாடல்'. எடுத்தாளுறதுன்னா இன்னொருத்தர் சொன்னதை அவரோடதுன்னு தெரிய வச்சே நம்ம எழுத்துல கொண்டுவந்து பயன்படுத்துறது, உரையாசிரியர்கள் காலத்துல இருந்து நம்ம பழக்கம். நன்னூல்லயே பவணந்தி முன்னோர் சூத்திரத்தை அப்படியே தன் நூல்ல வச்சுக்கிறதுக்குக் காரணம் சொல்றார், அவங்க சொன்ன பொருளை மட்டுமில்ல, சொல்லையும் பொன் போலப் போற்றுவோம்னு. சூத்திரத்தைத் திருத்தாம, திரும்ப எழுதாம, இருந்தது இருந்தபடியே வைக்கிறது. நீடில் டிராப்பும் அதேதான், கவருக்கும் இதுக்கும் உள்ள வித்தியாசமும் அதேதான்.

இந்தக் கணக்குல பாத்தா 'கைதி'யில வர்ற 'ஆசை அதிகம் வச்சு' எடுத்தாண்ட பாட்டு, 1993 'மறுபடியும்' படத்தோடது. 'விக்ரம்'ல வர்ற 'சக்கு சக்கு வத்திக்குச்சி'யும் அப்படித்தான், 1995 'அசுரன்'ல இருந்து எடுத்தது. 2024 'மஞ்ஞும்மல் பாய்ஸ்'ல 'கண்மணி அன்போடு' வந்ததுக்கு இளையராஜா தரப்புல இருந்து நோட்டீஸ் போனதும், நாங்க ஆடியோ கம்பெனிகள்கிட்ட உரிமை வாங்கிட்டோம்னு தயாரிப்புத் தரப்பு சொன்னதும் மேல சொன்ன அந்த ரெண்டு உரிமைச் சண்டைதான். படத்துக்காகவே அனிருத் புதுசா போட்ட பாட்டு எவ்ளோ மாஸா இருந்தாலும் இந்தப் பேருக்குள்ள வராது. ஹீரோ என்ட்ரியில பழைய பாட்டோட மெட்டை மட்டும் கிட்டார்ல புதுசா வாசிச்சு விட்டா அதுவும் வராது, அதை ரெஃபரன்ஸ்னோ ட்ரிப்யூட்னோ சொல்லிக்கலாம். விமர்சனத்துல எழுதணும்னா "இடைவேளைக்கு முன்னாடி எடுத்தாண்ட பாட்டு கச்சிதமா உக்காந்திருக்கு"ன்னு எழுதிப் பாருங்க, நல்லாத்தான் வருது.