குறிப்பானா, குறியீடா?

"முலாம்பழத்தில் பூஞ்சை நோயைத் தாங்கும் மரபணுக் குறியீடு கண்டுபிடிப்பு." இந்த மாதிரித் தலைப்பை இன்னும் எத்தனை முறைதான் படிப்பது? அங்கே கண்டுபிடித்தது குறியீடு அல்ல, குறிப்பான். ஆங்கிலத்தில் மார்க்கர்.

மார்க் என்பதற்குப் பழைய பொருள் எல்லை, எல்லைக்கல். டென்மார்க்கின் வாலில் இருப்பதும் அதுதான். தமிழில் அழி, அழிப்பான் ஆனதுபோல, குறி, குறிப்பான். 'அவன் நாள் குறிப்பான்' என்பதோடு குழம்பாதா என்பவர்கள் அழிப்பானை மட்டும் குழம்பாமல்தான் வாங்குகிறார்கள்.

சரி, குறியீட்டுக்கு வருவோம். மரபுக் குறியீடு என்றால், டி.என்.ஏ.வின் எந்த மூன்றெழுத்து எந்த அமினோ அமிலத்தைக் குறிக்கிறது என்ற அட்டவணை. மொத்தம் 64 மூவெழுத்துகள். 1960களிலேயே படித்து முடித்துவிட்டார்கள். வாடல் நோயில் சாகும் கொடிக்கும், தாங்கி நிற்கும் கொடிக்கும், வேர்வழியே புகுந்து கொல்லும் ஃபியூசேரியம் பூஞ்சைக்கும் அந்த அட்டவணை ஒன்றேதான். அதைப் போய் ஒரு முலாம்பழ ரகத்தில் 'கண்டுபிடித்தார்கள்' என்றால் என்ன அர்த்தம்? 'குறி' என்று தொடங்கினால் எல்லாம் ஒன்று என நினைக்கும் மொழிபெயர்ப்பாளர், குறிசொல்பவரையும் இதில் சேர்க்காமல் விட்டாரே!

'புளியமரத்து ஸ்டாப்பில் இறங்குங்க, வீடு பக்கத்துலதான்' என்கிறோமே, அந்தப் புளியமரம்தான் குறிப்பான். வீடு, ஃபாம்-2 போன்ற வாடல் எதிர்ப்பு மரபணு. தாங்கும் கொடியையும் தாங்காத கொடியையும் கலப்பு செய்து, பேரப்பிள்ளைத் தலைமுறையில், தாங்கியவற்றில் தென்பட்டு வாடியவற்றில் காணாமல் போகும் டி.என்.ஏ. வேறுபாட்டைத் தேடுகிறார்கள். அந்த வேறுபாடுதான் குறிப்பான். அது கிடைத்துவிட்டால், கொடி நோயைத் தாங்குமா என்று அறிய நாற்றின் இலைத்துண்டு போதும். பூஞ்சையைக் கொடுத்து, வாடுகிறதா என்று காத்திருக்க வேண்டாம். இந்தியாவிலிருந்து போன விதையின் சாம்பல் நோய் எதிர்ப்பை வைத்துக் கலிபோர்னியாவில் 1936இல் பி.எம்.ஆர். 45 ரகத்தை வெளியிட்டவர்களுக்கு இந்த வசதி இல்லை. நோய் தாக்குகிறதா என்று செடியைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தார்கள்.

மரம் வீட்டைவிட்டுத் தள்ளி இருந்தால், தலைமுறை மாறும்போது ஒன்று வந்து மற்றது வராமல் போகலாம். ஆகவே குறிப்பானையே மரபணு என்பதும் தப்பு. 'மரபணுக் குறிப்பான்' என்பதைவிட 'மரபுக் குறிப்பான்' எனக்குப் பிடிக்கும். பேச்சில் மார்க்கர் என்றே சொல்லுங்கள், சண்டைக்கு வரமாட்டேன்.

அப்புறம், அதே கட்டுரையில் படத்தில் இருந்தது முலாம்பழம். மூன்றாவது பத்தியில் அது தர்பூசணியாகிவிட்டது.