சாலைக்கு முன்பே வரும் பட்டியல்

அமெரிக்க மாநிலம் ஒன்றின் போக்குவரத்துத் திட்டமிடலில் பணிபுரியும் என்னிடம், இங்கு வாழும் தமிழ் நண்பர்கள் அடிக்கடி கேட்பது இதுதான்: "எங்கள் வீட்டருகே சாலையை அகலப்படுத்துகிறார்கள், நடைபாதை ஏன் போடவில்லை?" நியாயமான கேள்விதான், ஆனால் அது என் காதுக்கு எட்டும்போது பெரும்பாலும் ஒப்பந்தம் முடிந்து, இயந்திரங்கள் வந்து நின்றிருக்கும்.

50,000 பேருக்கு மேல் வாழும் நகர்ப்புறப் பகுதிகளில் முறையான திட்டமிடல் வேண்டும் என்று 1962ஆம் ஆண்டின் கூட்டாட்சி நெடுஞ்சாலைச் சட்டம் விதித்தது. 1991இல் வந்த சட்டம் அந்தக் கடமையை மாநிலம் முழுவதற்கும் விரித்ததோடு, சாலை, பேருந்து, ரயில், மிதிவண்டி, நடைபாதை அனைத்தையும் ஒன்றோடொன்று இணைந்த ஒரே அமைப்பாகக் கருதித் திட்டமிடச் சொன்னது. இன்றைய விதிகளின்படி ஒவ்வொரு மாநிலமும் குறைந்தது 20 ஆண்டுகளை முன்னோக்கும் நீண்டகாலத் திட்டம் ஒன்றையும், குறைந்தது 4 ஆண்டுகளுக்கான பணிப் பட்டியல் ஒன்றையும் வைத்திருக்க வேண்டும்.

நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது இரண்டாவதைப் பற்றித்தான். நாங்கள் 'ஸ்டிப்' என்று அழைக்கும் அந்தப் பட்டியலில் ஒரு பணிக்கு ஒரே ஒரு வரிதான் இருக்கும்: சாலை எண், எங்கிருந்து எங்கு வரை, வடிவமைப்பா கட்டுமானமா, எந்த ஆண்டு, எவ்வளவு பணம், அது எங்கிருந்து வருகிறது. நீண்டகாலத் திட்டத்தில் ஆசைகளுக்கு இடமுண்டு. இதிலோ கைக்கு வரக்கூடிய நிதிக்கு உட்பட்ட பணிகளையே எழுத முடியும், இதில் இடம்பெறாத சாலைப் பணிக்குக் கூட்டாட்சி நிதி பொதுவாகக் கிடைக்காது. பெருநகரப் பகுதிகளில் அங்குள்ள திட்டமிடல் அமைப்பு தயாரிக்கும் பட்டியல் மாற்றமின்றி இதில் சேர்வதால், நகரவாசிகள் முதலில் அந்த அமைப்பையே அணுக வேண்டும்.

வரைவு வெளியானதும் மக்களின் கருத்தைக் கேட்பது சட்டக் கட்டாயம்; கருத்துச் சொல்லக் குடியுரிமை தேவையில்லை. நூலகமொன்றில் நடந்த கூட்டத்தில், முதியோர் குடியிருப்புக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் நடுவே நடைபாதை அறுந்து கிடந்த இடத்தை ஓர் அம்மா வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டினார். வரைவில் அந்தச் சாலைக்குப் புதிய தார்ப்பூச்சு மட்டுமே இருந்தது. இறுதிப் பட்டியலில் நடைபாதையும் சேர்ந்தது.

"போக்குவரத்தை மேம்படுத்துங்கள்" என்று பொதுவாக எழுதும் கடிதத்தை வைத்து எங்களால் அதிகம் செய்ய முடிவதில்லை. சாலை எண், குறுக்குத் தெரு, அவ்வழியே நடப்பவர்கள் யார் என்ற மூன்றையும் எழுதி, கருத்துக் காலம் முடியும் முன் அனுப்புங்கள்.